முதற்கண் நிர்வாகத்துக்கு நன்றி

எங்கள் தோட்டத்தில் நன்றி சொல்லாமல் எதுவும் தொடங்காது. கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கருமாதி, எதுவானாலும் சரி. மைக்கைப் பிடிக்கிறவர் ‘முதற்கண்’ என்று தொண்டையைச் செருமி, இறைவனுக்கு ஒரு வணக்கம் போட்டு, அதே மூச்சில் தோட்ட நிர்வாகத்துக்கு நன்றி சொல்லிவிடுவார். இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நாற்காலி கம்பெனியுடையது, கூடாரம் கம்பெனியுடையது, இரண்டையும் ஏற்றி வரும் லோரியும் கம்பெனியுடையது. என் கல்யாணத்தில் தாலி ஏறியதும் மைக்கில் கேட்ட முதல் வார்த்தை வாழ்த்து இல்லை, மேனேஜருக்கு நன்றி. முந்தின நாள் அந்த லோரியை ஓட்டி வந்து வேர்க்க வேர்க்க நாற்காலி இறக்கியவரே மாப்பிள்ளைதான். அவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இந்தப் பழக்கத்தை நான் கிண்டல் செய்வேனே தவிர, அதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று நினைத்ததில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு உலகச் சட்டம் வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பட்டணத்தைத் தாண்டி, ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது லயம். தாழ்வான நிலம். தோட்டத்துத் தண்ணீரெல்லாம் ஒரு பெரிய வாய்க்கால் வழியாக எங்கள் வீடுகளின் பின்புறம் ஓடி ஆற்றில் சேரும். சேரும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு. கடல் ஏறும்போது அதை இறக்கினால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது. கடல் இறங்கியதும் தூக்கிவிட்டால் வாய்க்கால் தண்ணீர் வெளியே போகும். உப்புக் காற்றில் துருப்பிடித்து அந்தக் கதவு பாதியில் சிக்கி நிற்கிறது. ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் கடல் பெரிதாக ஏறும் நாளில் கொல்லை நனையும், அவ்வளவுதான். இப்போது கடலும் முன்னைப் போல் இல்லை, மழையும் முன்னைப் போல் இல்லை. இரண்டும் ஒரே நாளில் வந்தால் தண்ணீர் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் வீட்டை அடுத்த வீடு அக்காவுடையது. கூடப்பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டிலேயே இருந்து இருந்து அக்காவாகிவிட்டவர். நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அவர் கணவரை அண்ணன் என்போம். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் விடியற்காலை, அக்கா பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், நின்றுகொண்டிருந்த நேரம் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் தனியாக இருந்தார். நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது மெத்தை மிதந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் வாய்க்காலோடு போய்விட்டது.

“நான் வர்றதுக்குள்ள அது முந்திக்கிட்டு ஓடிருச்சு லா,” என்று அண்ணன் சிரித்தார். சிரித்த உதடு நீலம் பாரித்திருந்தது.

அன்றிலிருந்து அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த மழைக்குள் அந்த வாய்க்கால் கதவைச் சரிசெய்துவிட வேண்டும். வேலைக்குப் போகாமல் வீட்டில் காவல் இருக்க அவரால் முடியாது. அடுத்த தடவை நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியிடம் கேட்டால் ஆறு அரசாங்கத்துடையது என்றார்கள். அரசாங்க அலுவலகத்தில் கேட்டால் கதவு கம்பெனி நிலத்துக்குள் இருக்கிறது என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான் என்பதால் யாரோடும் சண்டை போட முடியவில்லை.

நான் புஞ்சாக் ஆலாமில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறவள். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். சாலையோரத்தில் எதையோ ஆசைப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறார். பெயர் பதிந்துகொண்டே தொழில் என்ன என்று கேட்டேன். பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் என்றார், வழக்கறிஞராம். அப்படி ஒரு பிழைப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் எந்த ஊர் என்று மரியாதைக்குக் கேட்டார். சொன்னேன். அங்கே வெள்ளம் வருமா என்றார். வரும் என்றேன். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே குணமாகி நான் பார்த்த ஒரே நோயாளி அவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து விளக்கினார். சுத்தமான சுற்றுச்சூழலில் வாழ்வது மனித உரிமை என்று உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டாயிற்று. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று உலகத்தின் பெரிய நீதிமன்றமே கருத்துச் சொல்லியாயிற்று. கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் வாக்குமூலம் கொடுத்தால், பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று அரசாங்கத்திடமும் கம்பெனியிடமும் விளக்கம் கேட்கும். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“எல்லாம் சரி மா. கதவ யாரு வந்து செய்வாங்க?” என்றார் கடைசியில்.

குழு எதையும் செய்யாது, கேட்கும் என்று வழக்கறிஞர் சொன்னதைச் சொன்னேன்.

“நாமளும் கேட்டோமே.”

“நாம கேட்டது வேற கா. இவங்க கேட்டா உலகமே கேட்ட மாதிரியாம்.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணன் குரல் கொடுத்தார். “உலகத்துக்கிட்ட ஒரு ஸ்பானர் இருக்கான்னு கேளு.” இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அந்த வழக்கறிஞரைப் பிடித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, துருப்பிடித்த கதவை எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். எங்கள் வாய்க்காலை மூக்கைப் பிடிக்காமல் ஒருவர் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

வாக்குமூலம் எடுக்க ஒரு நாள் குறித்தார்கள். கோயில் மண்டபத்தில் நடத்தலாம் என்று கோயில் தலைவரிடம் கேட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் அது அவருக்கு விழாதான். மறுநாளே ‘பருவநிலை நீதி விழா’ என்று பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார். பேனரில் தலைவர் படம் ஒரு பக்கம், பூமி உருண்டை ஒரு பக்கம், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மேனேஜருக்கும் அழைப்பு போய்விட்டது.

“தலைவரே, நாம மேனேஜர் மேலதான் புகார் சொல்லப் போறோம்,” என்றேன்.

“அதுக்காக? கூப்பிடாம விட்டா நல்லாவா இருக்கும்? நாற்காலி யாரு தர்றா?”

“நாற்காலி வேற எங்கயாச்சும் எடுக்கலாமே.”

“எடுக்கலாம் லா. அப்புறம் அவரு, ஏன் என்கிட்ட எடுக்கலன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்?”

 இதற்கு எந்த நாட்டு வழக்கறிஞரிடமும் பதில் இருந்திருக்காது. கம்பெனி மேல் உலகத்திடம் புகார் கொடுக்கத் தேவையான நாற்காலிகளை, கம்பெனி லோரியில், கம்பெனி ஓட்டுநரான என் கணவர் கொண்டுவந்து இறக்கினார். கூடாரத்தையும் அவரே கட்டினார்.

விழாவுக்கு முதல் ஆளாக வந்தவர் மேனேஜர். பூப்போட்ட நல்ல பாத்தேக் சட்டை, அமைதியான பேச்சு. முன்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கால் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். வழக்கறிஞருக்கு மாலை, பொன்னாடை. மேனேஜருக்கு மாலை, பொன்னாடை. படம் பிடிக்க வந்த ஆளுக்கும் ஒரு பொன்னாடை மிச்சம் இருந்தது. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாக்குமூலம் எப்போது என்று வழக்கறிஞர் என் காதில் கேட்டபோதெல்லாம், இதோ, இன்னும் ஒருவர்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

வாழ்த்துரை வழங்கியவர் மேனேஜர். அவர் கதவைப் பற்றிப் பேசவே இல்லை. கடல் ஏறுவது பணக்கார நாடுகள் விட்ட புகையால் என்றார். அந்தக் கடல்தான் எங்கள் செம்பனையையும் உப்புத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறது, கம்பெனியும் பாதிக்கப்பட்ட தரப்புதான் என்றார். வழக்கறிஞர் வேகவேகமாகக் குறிப்பெடுத்தார். பாவம், அவர் என்ன செய்வார்? அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். பருவநிலை அநீதிக்கு ஆளானவர்களின் வரிசையில் கம்பெனியும் அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அக்காவின் முறை வந்தது. தீமிதிக்குக் கட்டுகிற மஞ்சள் புடவை கட்டியிருந்தார். மைக்கைப் பிடித்தார்.

“முதற்கண் எல்லாம் வல்ல இறைவனுக்கும், கோயில் தலைவருக்கும், நம்ம தோட்ட நிர்வாகத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போன வெள்ளத்துல எங்க வீட்டுக்காரர ஏத்திட்டுப் போக லோரி குடுத்தாங்க. அரிசி குடுத்தாங்க, மெத்த குடுத்தாங்க. அத நாங்க என்னைக்கும் மறக்க மாட்டோம்.”

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். மேனேஜர் எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன், மொழிபெயர்த்த கையோடு.

அதற்குப் பிறகுதான் அக்கா கதவைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார். மெத்தை மிதந்தது, ஜன்னல் கம்பி, வாய்க்காலோடு போன கால், எல்லாவற்றையும் அழாமல் சொன்னார். வழக்கறிஞர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தலைவர் தன் கைப்பேசியில் எடுத்து நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்த படம் அந்தக் கைதட்டலோடு நின்றுவிட்டது. வடை வந்துவிட்டதால் பரிமாறுவதைப் பார்க்க அவர் எழுந்து போயிருந்தார்.

அக்காவுக்குப் பின்னால் இன்னும் பலர் பேசக் காத்திருந்தார்கள். நேரம் இல்லை. வழக்கறிஞரும் அவரோடு வந்தவர்களும் ஆற்றில் மின்மினிப்பூச்சி பார்க்கப் படகுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் எங்களுக்கே மனம் கேட்காது என்பதால் நாங்களும் விரட்டாத குறையாக அனுப்பி வைத்தோம். மரம் முழுக்க ஒரே நேரத்தில் மின்னுகிறது, கண்கொள்ளாக் காட்சி என்று வழக்கறிஞர் மறுநாள் சொன்னார். அந்தப் பூச்சிகள் இருக்கிற மரத்தைத் தொடக் கூடாது என்று ஆற்றங்கரையில் பலகை வைத்திருப்பதையும் மெச்சினார். அண்ணனும் மின்மினியாகப் பிறந்திருந்தால் அவருக்கும் ஒரு பலகை வைத்திருப்பார்கள். ஆறு என்னவோ ஒரே ஆறுதான்.

பல மாதம் கழித்து வழக்கறிஞர் கிளினிக்குக்கு ஃபோனில் அழைத்தார். குழு கேட்ட கேள்விக்குக் கம்பெனி பதில் அனுப்பிவிட்டதாம். குரலில் உற்சாகம் இல்லை. கவுண்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் அனுப்பியதைத் திறந்து படித்தேன். மிகவும் மரியாதையான பதில். வெள்ளத்துக்குக் காரணம் உலகப் பருவநிலை மாற்றம் என்பதைக் கம்பெனி முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறது. கதவு விஷயம் ஆய்வில் இருக்கிறது. குடியிருப்பாளர்களோடு உறவு மிக நல்ல நிலையில் இருக்கிறது, இதோ சான்று. சான்றைத் தட்டினால், தலைவர் போட்ட நேரலைப் படத்தில் மஞ்சள் புடவையில் அக்கா வருகிறார். நெஞ்சார்ந்த நன்றி சொல்கிறார், கும்பிடுகிறார், மண்டபம் கைதட்டுகிறது, முடிந்தது. படத்தின் அடியில் ஓடிய ஆங்கிலம் அன்று மண்டபத்தில் நான் சொன்னது. ஒரு சொல் பிசகவில்லை.

அன்று மாலை அக்காவிடம் காட்டினேன். முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தார். “புடவ நல்லா விழுந்திருக்கு,” என்றார். பிறகு நான் விளக்கினேன். திரும்பவும் பார்த்தார்.

“மொறைக்குத்தானே மா சொன்னேன். கத முழுக்க அப்புறம்தானே சொன்னேன்? அது எங்க?”

“அத எடுக்கல கா.”

“என் மரியாதைய எடுத்து என் வாயிலயே அடைச்சுட்டாங்க,” என்றார் அக்கா. முகம் கறுத்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்பெனி மேல், தலைவர் மேல், வடை மேல், அந்த ‘முதற்கண்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மேல். நேரே தலைவர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “நன்றி சொன்னது ஒரு குத்தமா? வர்ற திருவிழாவுக்கு நாற்காலி வேணுமா, வேணாமா?” என்று என்னையே கேட்டார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வழக்கறிஞர் விடவில்லை. குழு இணையம் வழியாக ஓர் அமர்வு நடத்தப்போகிறது, பாதிக்கப்பட்டவர்கள் சில நிமிடம் நேரடியாகவே பேசலாம், அக்காவுக்கு இடம் வாங்கிவிட்டேன் என்றார். ஒரே நிபந்தனை: தயவுசெய்து யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது.

பயிற்சி தொடங்கியது. அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் குழுத் தலைவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா எதிரில் நின்று வாயைத் திறந்தார். “முதற்கண்...”

“சபை கலையுது,” என்றார் அண்ணன்.

மறுபடியும். “எல்லாருக்கும் வணக்கம். இந்த நல்ல வாய்ப்பக் குடுத்த...”

“கலையுது.”

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “நன்றி சொல்லாம எப்படிங்க வாயத் தொறக்கறது? சண்டைக்கு வந்தவ மாதிரில்ல இருக்கு?”

“சண்டைக்குத்தான் கா போறோம்,” என்றேன்.

“சண்டன்னா இங்கயே ஆபீசுக்குப் போயிப் போடலாமே. எதுக்கு அவ்ளோ தூரம் சுத்திப் போறோம்?”

 ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட எங்கள் லயத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது என்பதால்தான் உலகத்தைக் கூப்பிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அமர்வு எங்களுக்கு மாலை, அவர்களுக்குக் காலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. வழக்கறிஞர் வேறொரு கட்டத்துக்குள் தெரிந்தார். கோயில் தலைவரைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்து பின்னால் நின்றுகொண்டார். குழுத் தலைவர் நரைத்த தலை, கனிவான முகம். அக்காவைப் பேச அழைத்தார்.

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.  

“கதவு ஒடஞ்சிருக்கு,” என்றார். “அத செஞ்சு குடுக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு காலுதான். நான் வேலைக்குப் போனா அவரு தனியா கெடப்பாரு. தண்ணி வந்தா செத்துருவாரு. அவ்ளோதான்.”

கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மொழிபெயர்த்து முடித்தேன். இப்படி ஒரு பேச்சை எங்கள் தோட்டத்தில் நான் கேட்டதே இல்லை.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். முதலில் ஒத்துழைப்புக் கொடுத்த அரசாங்கத்துக்கு நன்றி சொன்னார். பிறகு விரிவான பதிலை உரிய காலத்தில் அனுப்பி, ஆக்கபூர்வமாக நடந்துகொண்ட கம்பெனிக்கு நன்றி சொன்னார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு, இணையத் தொடர்பைக் கவனித்தவர்களுக்கு, கடைசியாக அக்காவுக்கு.

எங்கள் தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆங்கிலத்தில் நன்றி என்ற சொல் அவருக்கு நன்றாகவே புரியும். “பாத்தீங்களா? அங்கயும் அதான் மொற,” என்றார்.

“என்னா மா சொல்றாரு?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

“கம்பெனிக்கு நன்றி சொல்றாரு கா.”

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். “ஏன்? அவரு குடியிருக்கிறதும் கம்பெனி வீடா?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அண்ணனுக்குக் கால் போனபோதே போயிருக்க வேண்டிய வீடு, அக்காவின் நாற்றுப் பண்ணை வேலையால் நிற்கிறது. இத்தனை வருடம் மைக்கில் சொன்ன நன்றியெல்லாம் நாற்காலிக்கு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மைக் திறந்தே இருந்தது. அக்கா என்ன சொல்கிறார் என்று குழுத் தலைவர் கேட்டார். பேசியதை அப்படியே மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. மொழிபெயர்த்தேன். அவர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, மிக முக்கியமான கேள்வி, பதிவு செய்துகொள்கிறோம், நன்றி என்றார். அடுத்து ஏதோ ஒரு தீவிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தீவே முழுகிக்கொண்டிருக்கிறதாம். அவரும் நன்றியில்தான் ஆரம்பித்தார்.

குழு அறிக்கை வெளியிட்டது. எங்கள் லயத்தின் நிலை குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்திருந்தார்கள். வெறும் கவலை இல்லை, ஆழ்ந்த கவலை, சட்ட மொழியில் அது ஒரு படி மேல் என்று வழக்கறிஞர் ஃபோனில் விளக்கினார். இனி இதைக் காட்டி அடுத்தடுத்த இடங்களுக்குப் போகலாம், பொறுமை வேண்டும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி நகர்ந்துதான் சில ஊர்களில் நல்லது நடந்திருக்கிறது என்று நானும் பின்னால் படித்தேன். அக்காவிடம் சொன்னேன். “கவலப்படுறாங்களா? பாவம்,” என்றார் அக்கா. கதவு அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

மழைக்காலம் வந்தது. இந்தத் தடவை பட்டப்பகலில் தண்ணீர் ஏறியது. அக்கா பண்ணையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் ஓடி வருவதற்குள் என் கணவரும் இன்னும் சிலரும் அண்ணனை நாற்காலியோடு தூக்கி மேட்டில் இருக்கிற கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புதிய செயற்கைக் காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஆனாலும் நெடுநேரம் அழுக்குத் தண்ணீரில் கிடந்திருக்கிறார். வெட்டின காலின் முனை தேய்ந்து புண்ணாகியிருந்தது. இனிப்பு நீர்க்காரருக்குக் காலில் புண் என்றால் அடுத்து என்ன என்பது கிளினிக்கில் உட்காருகிற எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அவர் அன்றைக்கு ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்தார். அரிசிப் பைகள், பிஸ்கட், பேனர், படம் எடுக்க ஆள். வரிசையில் நிற்க வைத்துக் கையில் கையில் கொடுத்தார்கள். தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, குடியிருப்பாளர்கள் சார்பில் நிர்வாகத்துக்கு நன்றி கூற, உலக மேடையில் பேசி நமக்குப் பெருமை சேர்த்த அக்காவை அழைக்கிறேன் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் அழைத்தார்.

அக்கா இன்னும் காயாத பாவாடை சட்டையோடு நடந்து போய் மைக்குக்கு முன்னால் நின்றார். மேனேஜர் கும்பிடத் தயாராகக் கையைச் சேர்த்துவிட்டார்.

“வணக்கம்,” என்றார் அக்கா. “அரிசி வந்திருக்கு. கதவு வரல.”

திரும்பி நடந்து வந்து அண்ணன் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் கைதட்டினார். அவர் ஒருவர்தான். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்த ஒற்றைக் கைதட்டல் அசிங்கமாகக் கேட்டது. தட்டிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் கணவர் கையிலிருந்த லோரிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உலகக் குழுவுக்கு முன்னால் ஒரு சொல் பிசகாமல் பேசியவள். கையில் அரிசிப் பை இருந்தது. கீழே வைத்துவிட்டுத் தட்டியிருக்கலாம். எங்கள் வீடும் கம்பெனி வீடுதான்.